யாரையும் எடைபோடாத 48 நாள்

கேள்வி: "எனக்கு வயது 39. ஒரு நூல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். போன வருடம் ஒரு தியான வகுப்புக்குப் போனேன். யாரையும் எடைபோடாதீர்கள், மனசு தானாக லேசாகிவிடும் என்று அங்கே சொன்னது எனக்குள் தைத்துவிட்டது. ஒரு மண்டலம், 48 நாள், யாரைப் பற்றியும் எந்த அபிப்பிராயமும் வைப்பதில்லை என்று விரதம் மாதிரி எடுத்துக்கொண்டேன். தவறும்போதெல்லாம் ஒரு நோட்டில் கோடு போட்டேன். முதல் நாள் 9 கோடு. இருபதாவது நாள் 31. எதிர் வீட்டுப் பெண் குழந்தைக்குப் போனைக் காட்டிச் சோறு ஊட்டினால்கூட உள்ளே ஒரு குரல் பேசுகிறது. இரண்டு வருடத்துக்கு முன் தறி வாங்க என்று எங்களிடம் 80,000 ரூபாய் வாங்கிய என் கொழுந்தனார் 15,000 தான் திருப்பினார். இப்போது இன்னும் ஒரு லட்சம் கேட்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றதற்கு, 'தியானமெல்லாம் பண்றே, சொந்தக் கொழுந்தனையே சந்தேகப்படறயே' என்று மாமியார் கேட்டுவிட்டார். நான் மோசமானவளோ என்று இருக்கிறது. யாரையும் எடைபோடாமல் வாழ உண்மையிலேயே முடியுமா? என் 11 வயது மகளுக்குப் பாட்டு வாத்தியார் ஒரு மாதமாக, மற்ற பிள்ளைகள் போனபிறகு தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார். வியாழக்கிழமை வந்தால் அவளுக்கு வயிற்று வலி. எனக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஊரே மதிக்கிற பெரியவரைப் பற்றி இப்படி நினைப்பதே பாவம் என்று அதையும் விட்டுவிட்டேன்."

பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைசியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஆலோசனைக்கு வருகிறவர்கள் ஒரு மணி நேரம் எதையெதையோ பேசிவிட்டு, எழுந்து வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் முக்கியமானதைச் சொல்வார்கள். பல வருடமாகப் பார்த்துவிட்டேன். உங்கள் கடிதத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

மகள் விஷயத்தில் உங்களுக்குத் தோன்றியது பாவம் இல்லை. எல்லோரும் போனபிறகு தனி வகுப்பு, அந்த நாளில் மட்டும் வயிற்று வலி. இந்த இரண்டையும் உங்கள் மனம் சேர்த்துப் பார்த்திருக்கிறது. பார்க்கத்தான் வேண்டும். வலிக்கு வேறு காரணம் இருக்கலாம். பாடம் மனப்பாடம் ஆகாத பயமாக இருக்கலாம். அன்றைக்குப் பள்ளியில் ஏதாவது நடந்திருக்கலாம். அந்த வாத்தியார் தங்கமான மனிதராகவே இருக்கலாம். அவர் எப்படிப்பட்டவர் என்று கண்டுபிடித்த பிறகுதான் ஏதாவது செய்ய முடியும் என்று நினைக்காதீர்கள். இப்போதே செய்ய வேண்டியது இருக்கிறது.

தனி வகுப்பை நிறுத்துங்கள். "மத்த பிள்ளைங்களோட சேர்ந்தே கத்துக்கட்டும் சார்" என்ற ஒரு வரி போதும், விளக்கம் தேவையில்லை. வகுப்பு நேரத்தில் நீங்களோ உங்கள் கணவரோ அங்கேயே உட்காருங்கள். அப்புறம் மகளிடம் பேசுங்கள். எதிரே உட்காரவைத்து விசாரிக்காமல், தலை பின்னும்போதோ துணி மடிக்கும்போதோ, பாட்டு க்ளாஸில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். நீங்களாக வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். அவள் வாய் திறந்தால் இடையில் புகாமல் கேளுங்கள், முகம் மட்டும் மாறிவிடக் கூடாது. "அம்மாகிட்ட சொன்னியே, நல்லது" என்பதுதான் அவள் முதலில் கேட்க வேண்டிய வார்த்தை. இனி வரவே பிடிக்கவில்லை என்றால், காரணம் சொல்லாவிட்டாலும் நிறுத்திவிடுங்கள்.

ஏதாவது நடந்திருப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். எங்களைப் போன்ற ஆலோசகர்களுக்கும் அது பொருந்தும். ரகசியம் காப்பதும், யாரையும் தராசில் நிறுத்தாமல் கேட்பதும் எங்கள் தொழிலுக்கு உயிர் மாதிரி. அந்தத் தொழிலிலும் குழந்தையின் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க அனுமதி இல்லை.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் விரதம் எடுத்த அர்த்தத்தில், முடியாது. உங்களால் மட்டும் இல்லை, யாராலும் முடியாது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடோரோவ் என்ற இருவர் செய்த ஆராய்ச்சி 2006-இல் வெளிவந்தது. முன்பின் தெரியாதவர்களின் முகப்படங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவரை நம்பலாமா, இவர் திறமைசாலியா என்று கேட்டார்கள். நேரக் கணக்கே இல்லாமல் பார்த்தவர்கள் சொன்னதும் இந்த மின்னல் பார்வையில் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போயின. இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் காட்டியபோது கருத்து பெரிதாக மாறவில்லை, அதன்மேல் இருந்த நிச்சயம்தான் கூடியது. அதாவது முதல் கணிப்பு நாம் உட்கார்ந்து யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. சூடான பாத்திரத்திலிருந்து கை தானாக விலகுகிற மாதிரி அது. அதைத் தடுப்பேன் என்று 48 நாள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அந்த 31 கோடும் உங்கள் மனம் கெட்டுப்போனதற்குச் சாட்சி இல்லை. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குத் தெரிந்ததுதான். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் அதைச் சோதித்தே பார்த்தார், அவர் எடுத்துக்கொண்டது வெள்ளைக் கரடி. 1987-இல் வெளியான அந்தச் சோதனையில், ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, இப்போது தாராளமாக நினைக்கலாம் என்றபோது, முதலில் அடக்கி வைத்தவர்களுக்கு அந்தக் கரடி கூடுதலாக வந்தது. உங்கள் நோட்டும் அந்த மணிதான். கோடு போடுவதற்காகவே உள்ளே ஒருத்தி காவல் உட்கார்ந்திருக்கும்போது, முன்பு கவனிக்காமல் கடந்துபோனதெல்லாம் கண்ணில் படத்தானே செய்யும்?

ஆனால் அந்தத் தியான வகுப்பில் சொன்னது முழுக்கத் தவறு என்றும் நான் சொல்ல வரவில்லை. எடைபோடுவது என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இந்தக் கையில் என் பணத்தைக் கொடுக்கலாமா, இந்த வீட்டில் என் பிள்ளையை விட்டுவிட்டு வரலாமா என்று கணிப்பது ஒரு வேலை. அது இல்லாமல் ஒரு நாள்கூட வாழ முடியாது. இன்னொரு வேலை, ஒரு ஆளை மொத்தமாகக் கட்டி முத்திரை குத்தி ஓரமாக வைத்துவிடுவது. பேச்சில் அது நடக்கிற இடம் நன்றாகக் காதில் விழும். "அவன் வரலை" என்பது தகவல். "அவன் அப்படித்தான்" என்பது தீர்ப்பு. அந்த "தான்" விழுந்தபிறகு அவன் என்ன செய்தாலும் நம் கண்ணுக்கு அது தெரியாது. இந்த இரண்டாவது வேலையைக் குறைத்துக்கொண்டு வாழ முடியும். நான் பிழைப்பதே அதில்தான், அப்படியும் தவறியிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பல வருடத்துக்கு முன் ஓர் இளைஞர் வாராவாரம் என்னிடம் வந்தார். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் தாமதம். உள்ளே வந்தால் சோபாவின் விளிம்பிலேயே உட்காருவார், எப்போது எழுந்து ஓடலாம் என்று பார்ப்பவர் போல. மூன்றாவது வாரம் என் குறிப்பேட்டில், "மாற வேண்டும் என்ற அக்கறை இல்லை" என்று எழுதினேன்.

நான்காவது வாரம் நானே தாமதமாகப் போனேன். என் அறைக்குக் கீழே ஒரு டீக்கடை. அதன் பக்கவாட்டுக் குழாயில் அவர் குனிந்து நின்று, சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக்கொண்டிருந்தார். நகக்கண் ஒவ்வொன்றையும் ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பட்டறையில் இரவு வேலை முடித்து நேராக வருகிறவர் அவர். நேரத்துக்கே வந்துவிடுகிறார். என் சோபாவுக்கு வெள்ளை உறை போட்டிருந்தேன், கிரீஸ் ஒட்டிவிடும் என்று ஒவ்வொரு வாரமும் இருபது நிமிடம் நின்று கழுவியிருக்கிறார். ஈரச் சட்டைக்கையோடு உள்ளே வந்தவர் அன்றும் விளிம்பிலேயே உட்கார்ந்தார். ஏன் விளிம்பு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நான் பார்த்தது இரண்டு உண்மைகள், தாமதமும் விளிம்பும். அக்கறை இல்லை என்பது நானாகச் சேர்த்தது. இத்தனைக்கும் நான் படித்த படிப்பே இதற்குத்தான். கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957-இல் எழுதிய ஒரு கட்டுரையில், நிபந்தனை போடாமல் ஒரு மனிதரை மதிப்பது சிகிச்சைக்கு அவசியம் என்று சொன்னார். அவர் செய்வதையெல்லாம் சரி என்று சொல்லுங்கள் என்று ரோஜர்ஸ் சொல்லவில்லை. செய்கையைப் பார்த்து ஆளின் மதிப்பைக் குறைக்காதீர்கள் என்கிறார். எனக்கு அது மனப்பாடம். மனப்பாடமாக இருந்தும் அந்த வரியை எழுதியிருக்கிறேன்.

நான் தாமதமானால் பஸ் வரவில்லை, அடுத்தவர் தாமதமானால் அக்கறை இல்லை. நமக்கு வரும்போது சூழ்நிலையைப் பார்க்கிறோம், அடுத்தவருக்கு வரும்போது குணத்தைப் பார்க்கிறோம். லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் இந்த வழக்கத்துக்கு, மற்றவர் நடத்தைக்குக் காரணம் கற்பிப்பதில் நாம் செய்கிற அடிப்படைப் பிழை என்று பெயர் வைத்தார். ஆனால் இது எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை. ஜோன் மில்லர் என்பவர் சிகாகோவிலும் நம் பக்கத்து மைசூரிலும் ஆட்களிடம் பேசி 1984-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அதில் மோட்டார் சைக்கிள் விபத்து ஒன்று வரும். பின்சக்கரம் வெடித்துப் பின்னால் இருந்தவர் கீழே விழுந்து தலையில் அடிபடுகிறது. வண்டி ஓட்டியவர் வக்கீல். அடிபட்டவரை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால், அமெரிக்கர்கள் பெரும்பாலும் அவருடைய பொறுப்பில்லாத குணத்தைச் சொன்னார்கள். இங்கே இருந்தவர்கள் அவருக்குக் கோர்ட்டில் இருந்த கடமையையும் அன்றைய நிலைமையையும் அதிகமாகச் சொன்னார்கள். எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. வளர வளரத்தான் வந்தது.

எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசி விஷயம். ஆளைப் பார்ப்பதா நிலைமையைப் பார்ப்பதா என்பது கற்றுக்கொள்கிற வழக்கம் என்றால் திரும்பவும் கற்றுக்கொள்ளலாம். நம் பாட்டிமார் யாரைப் பற்றிப் பேசினாலும் நடுவில் "என்ன கஷ்டமோ" என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். அந்த ஒரு சொல் போதும், பூட்டப்போன கதவு பாதியில் நின்றுவிடும். ஆனால் அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த "என்ன கஷ்டமோ" எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சொந்தச் சாதிக்காரருக்குக் கிடைத்தது, சேரியில் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. மகனுக்குக் கிடைத்தது, மருமகளுக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் அதே கதைதான் நடக்கிறது. கொழுந்தனாரின் கஷ்டத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள், பார்க்கலாம். ஆனால் இரண்டு வருடமாக வர வேண்டிய பணம் வராமல் நீங்கள் படுகிற பாட்டை யார் பார்த்தார்கள்? எடைபோடாதே என்று சொல்லிக்கொண்டே உங்களை எடைபோட்டிருக்கிறார்கள். இந்த அறிவுரை பெரும்பாலும் மேலே இருப்பவரிடமிருந்து கீழே இருப்பவருக்குத்தான் வருகிறது. அதனாலேயே, யாராவது இதை என்னிடம் சொல்லும்போது, யார் சொல்கிறார், எந்தக் கேள்வியைக் கேட்காதே என்று சொல்கிறார் என்று நான் கவனிப்பேன்.

பணத்தைப் பொறுத்தவரை நீங்களே தொழில் தெரிந்தவர். பழைய பாக்கி நிற்கிற பார்ட்டிக்குப் புதுச் சரக்கு அனுப்புவதற்கு முன் லெட்ஜரைப் பார்ப்பீர்கள். அதனால் அந்தப் பார்ட்டி அயோக்கியர் என்று ஆகிவிடுமா? கொழுந்தனார் ஏமாற்றுக்காரர் என்ற முடிவுக்கு வராமலேயே பணம் கொடுக்காமல் இருக்கலாம். இப்போதைக்கு முடியாது என்று மட்டும் சொன்னால் போதும். மாமியாரிடம், "அத்தை, அவரு மேல எனக்கு வருத்தம் ஒண்ணுமில்லை. பழசுல 65 ஆயிரம் நிக்குது. அது ஒரு வழிக்கு வந்தப்புறம் புதுசைப் பேசலாம்" என்று சொல்லிப் பாருங்கள். இதைவிட நல்லது, உங்கள் கணவரே தம்பியிடம் பேசுவது. முதலில் தறி எப்படி ஓடுகிறது, நூல் விலை கட்டுப்படியாகிறதா என்று கேட்கட்டும். கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று இல்லை. ஆனால் கேட்காமல் மறுத்தால், அது அவருக்குத் தீர்ப்பு மாதிரிதான் காதில் விழும்.

எதிர் வீட்டுப் பெண்ணைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. உங்களுக்கும் அதிகம் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். நீங்கள் அவளைப் பார்க்கிற நேரம் எது? காலையில் டிபன் பாக்ஸும் கையுமாகக் கதவைப் பூட்டுகிற நேரமாக இருக்கலாம். பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு படித்த மாணவர்களை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் 1973-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. அடுத்த கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும் என்று அனுப்பினார்கள். வழியில் ஒருவர் குனிந்து இருமிக்கொண்டு வாசற்படி ஓரமாகக் கிடந்தார். அவசரம் இல்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு உதவி செய்தார்கள். நேரமாகிவிட்டது, ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். அவர்களில் பாதிப் பேர் பேசப்போன விஷயமே, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றிய பைபிள் கதை. நிற்காமல் போனவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லத் தோன்றும். அவர்களுக்கு இருந்தது அவசரம்.

போனைக் காட்டி ஊட்டுகிற தாய்க்கும் அப்படி ஒரு அவசரம் இருக்கலாம். அவளைப் பார்க்கிற உங்களுக்கும் இருக்கலாம். சாப்பிடும்போது திரை நல்லதில்லை என்று நினைப்பதில் தவறே இல்லை, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த நினைப்பிலிருந்து "பொறுப்பில்லாதவள்" வரைக்கும் போகாமல் நிற்க முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரமில்லாத நேரத்தில் அந்தக் குழந்தையை அரை மணி நேரம் உங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து விளையாட விடுங்கள். அவள் என்ன செய்கிறாள் என்று சோதிக்க வேண்டாம். அவளுக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்கட்டும்.

இன்னொன்று. "நான் மோசமானவளோ" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் இருக்கிற மிகக் கடுமையான தீர்ப்பு இதுதான். எதிர் வீட்டுப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு கடுமையாக நீங்கள் எழுதவில்லை. 31 கோடு போட்டவளுக்கும் ஒரு "என்ன கஷ்டமோ" சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். கோடு போடுவதை மட்டும் நிறுத்துங்கள். பக்கத்தை நடுவில் மடித்து, இடது பக்கம் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். வலது பக்கம் நீங்களாகச் சேர்த்தது. "குழந்தைக்குப் போன் காட்டிச் சோறு ஊட்டினாள்" இடது பக்கம். "சோம்பேறி" வலது பக்கம். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று போதும். வலது பக்கத்தில் எழுதியதெல்லாம் பொய் என்று அடித்துவிடவும் கூடாது. சிலது சரியாக இருக்கும். வாத்தியார் விஷயத்தில் உங்களுக்குத் தோன்றியதும் அந்தப் பக்கத்தில் வருகிறதுதான், அதை நீங்கள் பார்க்காமல் மூடியதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. மகளின் வயிற்று வலி இடது பக்கம். எத்தனை வியாழக்கிழமை, எத்தனை மணிக்கு, சாப்பிட்ட பிறகா முன்பா என்று எழுதிவையுங்கள். டாக்டரிடம் போனாலும் அது உதவும்.

வருகிற வியாழக்கிழமை கம்பெனியில் அரை நாள் லீவு கேளுங்கள். வகுப்பில் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டு, அன்று இரவு இரண்டு பக்கத்திலும் என்ன எழுதினீர்கள் என்று எனக்கு அனுப்புங்கள். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாதது மகளிடம் பேசுவது. அதை இன்றைக்கே தலை பின்னும்போது ஆரம்பித்துவிடுங்கள்.